கிளையில் இருக்கும் குணம்

பச்சை மரமலைப்பாம்பு நியூகினித் தீவின் மழைக்காடுகளுக்குரியது. தீவின் மேற்குப் பாதியான இந்தோனேசியப் பகுதியிலும், கிழக்குப் பாதியான பாப்புவா நியூகினியிலும், சுற்றியுள்ள ஆரு, பியாக், மிசூல், சலவாத்தி போன்ற தீவுகளிலும், ஆஸ்திரேலியாவின் வடகோடியில் கேப் யார்க் தீபகற்பத்தின் அயர்ன் ரேஞ்ச் காட்டிலும் அது வாழ்கிறது. 1872இல் ஹெர்மன் ஷ்லேகல் அதற்கு அறிவியல் பெயரிட்டார். பிறகு நெடுங்காலம் கோண்ட்ரோபைதான் என்ற தனிப் பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தது. 1990களில் மொரேலியா பேரினத்துக்கு மாற்றப்பட்டாலும், வளர்ப்பவர்கள் வாயில் இன்றும் அது ‘கோண்ட்ரோ’தான். 2020இல் வெளியான மரபணு ஆய்வு அதை இரண்டு இனங்களாகப் பிரித்தது. நியூகினியின் நடு மலைத்தொடருக்கு வடக்கே இருப்பவை மொரேலியா அசூரியா; தெற்கிலும் ஆஸ்திரேலியாவிலும் இருப்பவை மொரேலியா விரிடிஸ்.

மலைப்பாம்பு என்றதும் மனதில் எழும் பெருத்த உருவம் இதற்கில்லை. முழுதாக வளர்ந்தது ஒன்றரை மீட்டர் நீளம் இருக்கும். அரிதாகச் சில இரண்டு மீட்டரை எட்டும். எடை ஒன்று, ஒன்றரை கிலோ. பகல் முழுவதும் கிளையில் சுருண்டு கிடக்கும். நிறமோ புதுத்தளிரின் பச்சை; முதுகில் வெள்ளையோ மஞ்சளோ நீலமோ புள்ளியிட்டிருக்கும். வீட்டுக் கூண்டில் பாம்பு வளர்ப்பவர்கள் இதைத் தேடிப் போவதற்கு இந்தச் சிற்றுருவமும் அழகும் போதுமான காரணங்கள். ஆனால் அதே வட்டாரத்தில் இதற்கு இன்னொரு பெயரும் உண்டு. கடிக்கும் பாம்பு, கோபக்காரப் பாம்பு, கையில் எடுக்க முடியாத பாம்பு என்பார்கள். அதேசமயம் சாதுவான பாம்பு, கையில் வைத்தால் அசையாமல் இருக்கும் பாம்பு என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இரு சாராரும் பொய் சொல்லவில்லை. ஒரே பாம்பு பகல் இரண்டு மணிக்கு ஒன்றாகவும் இரவு ஒன்பது மணிக்கு வேறொன்றாகவும் இருக்கக்கூடியது. ஆகவே குணம் என்று எதைச் சொல்கிறோம் என்பதிலிருந்தே இந்தப் பாம்பைப் பற்றிய பேச்சைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

அதன் உடல் காத்திருப்பதற்காக அமைந்தது. பகலில் கிடைமட்டமான கிளையொன்றில் உடலை இருபுறமும் மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டு, நடுவில் தலையை வைத்து உறங்கும். தென்னமெரிக்காவின் மரகத மரபோவா இதே நிறத்தில், இதே போலச் சுருண்டு, இதே போல உறங்குகிறது. இரண்டும் நெருங்கிய உறவல்ல. போவா குட்டி போடும், மலைப்பாம்பு முட்டையிடும். இரண்டு கண்டங்களின் காடுகள் ஒரே வேலைக்கு ஒரே உடலைச் செய்துகொண்டிருக்கின்றன. இருட்டியதும் மரமலைப்பாம்பு தன் இடத்திலிருந்து இறங்கி வரும். வால்பகுதியால் கிளையைப் பற்றிக்கொண்டு, முன்னுடலைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டு, கழுத்தை வளைத்து மடித்து வைத்துக்கொண்டு அசையாமல் இருக்கும். கீழே எலி கடக்கும்வரை அந்த நிலை மாறாது.

அந்த இருட்டில் அது கண்ணை மட்டும் நம்பியிருக்கவில்லை. உதட்டுச் செதில்களில் வரிசையாக உள்ள குழிகள் வெப்பத்தை உணர்பவை. சுற்றுப்புறத்தைவிடச் சற்றே சூடான எதுவும் அவற்றில் பதியும். வெப்பத்தின் வடிவமும் அது நகரும் திசையும் பாம்பின் மூளையில் பார்வையோடு சேர்ந்தே படிகின்றன. வாயின் முன்பகுதிப் பற்கள் உடலின் அளவுக்கு மிக நீளமானவை, உள்நோக்கி வளைந்தவை. பறவையின் இறகுகளைத் துளைத்துப் பிடிக்கவே இந்தப் பற்கள் என்று நெடுநாள் சொல்லப்பட்டுவந்தது. அருங்காட்சியக மாதிரிகளின் வயிற்றில் கிடைத்தவையோ பெரும்பாலும் எலி இனங்களும் பல்லி இனங்களும்தான். நீண்ட பல்லுக்கு மர வாழ்க்கையே போதுமான விளக்கம். தரையில் வாழும் பாம்பு பிடியை நழுவவிட்டாலும் இரையைத் தொடர்ந்து போகலாம். மரத்தில் தொங்குவது நழுவவிட்டால் இரை கீழே விழுந்து போயே போய்விடும். எனவே இதன் கடி விடாப்பிடியான கடி.

பற்றிக்கொள்வதிலும் அப்படித்தான். மரமேறும் பாம்புகளை விசையுணரும் கம்பத்தில் ஏறவிட்டு அளந்த ஓர் ஆய்வு 2014இல் வெளியானது. வழுக்காமலிருக்கத் தேவையான விசையைவிட மிக அதிகமாகவே அவை கம்பத்தை இறுக்குகின்றன என்று அது காட்டியது. சக்தி வீணானாலும் விழாமல் இருப்பதே அவற்றுக்கு முக்கியம். மரத்தில் வாழும் உயிருக்குக் கிளை என்பது உயிர்ப்பிடி. அதிலிருந்து இழுக்கப்படுவது விழுவதற்குச் சமம். கையில் எடுப்பதைப் பற்றிய எல்லா விதிகளும் இந்த ஒரு செய்தியிலிருந்தே கிளைக்கின்றன.

வயதுக்கேற்பவும் இதன் வாழ்க்கை மாறுகிறது. முட்டையிலிருந்து வரும் குட்டி சுமார் முப்பது சென்டிமீட்டர் நீளம், பத்து கிராம் எடை. அப்போது அது பச்சையாக இருக்காது. பளிச்சென்ற மஞ்சளாகவோ செங்கல் நிறமாகவோ இருக்கும். சில பகுதிகளில் ஒரே ஈட்டு முட்டைகளிலிருந்து இரண்டு நிறக் குட்டிகளும் வரும். அயர்ன் ரேஞ்சில் டேவிட் வில்சனும் அவருடைய சகாக்களும் செய்த கள ஆய்வுகள் இந்த நிறமாற்றத்தின் காரணத்தைத் தெளிவாக்கின. மஞ்சள் குட்டிகள் வெளிச்சம் விழும் காட்டு விளிம்புகளிலும் இடைவெளிகளிலும் தரையை ஒட்டி வேட்டையாடுகின்றன. அங்கே பறவைகளின் கண்ணுக்கு மஞ்சள் எளிதில் தனித்துத் தெரிவதில்லை. சுமார் ஐம்பத்தைந்து சென்டிமீட்டர் வளர்ந்து, ஏறக்குறைய ஒரு வயதாகும்போது பச்சையாக மாறி, அடர்ந்த காட்டின் மேல்தளத்துக்குச் சென்றுவிடுகின்றன. ஆண் சுமார் இரண்டரை வயதிலும் பெண் மூன்றரை வயதிலும் இனப்பெருக்கத்துக்குத் தயாராகின்றன. வளர்ந்த பெண் சராசரியாக ஆறு ஹெக்டேர் அளவுள்ள ஒரு பரப்புக்குள்ளேயே வாழ்கிறது. ஆணுக்கு நிலையான எல்லை கிடையாது, அது அலைந்துகொண்டிருக்கும். கூண்டிலிருக்கும் ஆண்பாம்பு இணைசேரும் காலத்தில் இரை உண்ண மறுத்து, இரவெல்லாம் கண்ணாடியில் மூக்கை உரசித் திரிவதைப் பார்த்து அதற்குப் பித்துப் பிடித்துவிட்டதாக நினைக்கத் தேவையில்லை. காட்டில் நடந்திருக்க வேண்டிய தூரத்தை அது அறுபது சென்டிமீட்டர் கூண்டுக்குள் நடந்துகொண்டிருக்கிறது.

குட்டிகளின் குணத்தைத் தனியே சொல்ல வேண்டும். எதிரிகள் நிறைந்த காட்டுவிளிம்பில் பத்து கிராம் எடையோடு உயிர்வாழ வந்தது அது. தன்னை நெருங்கும் பெரிய உருவம் எதுவானாலும் வாயைத் திறந்து பாயும். அந்தக் கடியால் மனிதருக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. ஆனால் குட்டியைக் கையில் எடுப்பதால் குட்டிக்கு ஆபத்து உண்டு. இந்த இனத்தில் குட்டியின் வால் எலும்பு மிக மென்மையானது. வாலைப் பிடித்து இழுத்தாலோ, ஆணா பெண்ணா என்று அறிய வாலடியை அழுத்தியோ கம்பி நுழைத்தோ பார்த்தாலோ, முள்ளெலும்பு விலகி வாழ்நாள் முழுதும் வால் மடங்கியே இருக்கும். அனுபவமுள்ளவர்கள் முதல் ஓராண்டு குட்டியைத் தொடுவதே இல்லை. கூண்டைச் சுத்தம் செய்யும்போது அது உட்கார்ந்திருக்கும் குச்சியோடு தூக்கி இன்னொரு பெட்டியில் வைப்பதோடு சரி. குட்டியில் பாய்ந்து பாய்ந்து கடித்தது வளர்ந்ததும் அடங்கிவிடுவது வழக்கம். அதைக் ‘கையில் எடுத்துப் பழக்கியதால்’ வந்த பலன் என்று கணக்கெழுதிக்கொள்பவர்கள் உண்டு. எடுக்காமலே விட்டவர்களின் பாம்புகளும் அதேபோல அடங்கியிருப்பதை அவர்கள் கவனிப்பதில்லை.

வளர்ந்த பாம்பு கடிப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. ஒன்று, பயம். இன்னொன்று, பசி. பயக்கடி வேகமானது, கொத்திவிட்டு உடனே விட்டுவிடும். அதற்கு முன்னால் எச்சரிக்கை வரும்: கழுத்து வளைந்து மடியும், மூச்சு சீறலாக வெளிப்படும், வாய் திறக்கும், அல்லது தலை சுருள்களுக்கு அடியில் ஒளியும். பசிக்கடிக்கு எச்சரிக்கை இல்லை. பாய்ந்து கவ்வி, உடலைச் சுற்றிக்கொண்டு, விடாது. கோபக்காரப் பாம்பு என்று பழி சுமப்பவற்றில் பெரும்பகுதி பசிக்கடி கடித்தவையே. இரவில் கூண்டைத் திறந்து நீர்க்கிண்ணத்தை எடுக்க ஒரு கை உள்ளே நுழைகிறது. அந்த நேரம் பாம்பு வேட்டைக்கு உட்கார்ந்திருக்கும் நேரம். கை சூடானது, நகர்கிறது, தலைக்குக் கீழே கடக்கிறது. உதட்டுக் குழிகளுக்கு வேறு என்ன தெரிய வேண்டும்? அங்கே கோபம் எதுவும் இல்லை. உடல் எதற்காக அமைந்ததோ அதைத்தான் செய்தது. மனிதக் கையைத் தன் எசமானனின் கையென்று அடையாளம் கண்டு ஒதுங்கும்படி அந்தக் குழிகள் அமைந்திருக்கவில்லை.

ஆகவே நேரம் பார்ப்பதே இந்தப் பாம்போடு பழகுவதன் பாதி. பகலில், நன்றாக வெளிச்சம் இருக்கும்போது, சுருண்டு தலையை நடுவில் வைத்திருக்கும் பாம்பு ஓய்வில் இருக்கிறது. தலை சுருளுக்கு வெளியே வந்து கீழ்நோக்கித் தொங்கினாலோ, வால்நுனி புழுப் போல நெளிந்தாலோ அது வேட்டையில் இருக்கிறது. வால்நுனியை இரைக்கு ஆசைகாட்ட அது பயன்படுத்தும். குட்டிகளில் இந்தப் பழக்கம் நன்றாகத் தெரியும். கண்கள் வெண்நீலமாக மங்கியிருந்தால் சட்டை உரிக்கப் போகிறது. பார்வை சரியில்லாத அந்த நாட்களில் சிறு அசைவும் அதை மிரட்டும். இரை விழுங்கி இரண்டு மூன்று நாள் ஆகாத பாம்பையும் எடுக்கக் கூடாது, விழுங்கியதைக் கக்கிவிடும். சினையாக இருக்கும் பெண்ணையும், முட்டைகளைச் சுற்றிப் படுத்திருப்பதையும் எடுக்கவே கூடாது. ஐம்பது நாளளவு அது முட்டைகளைச் சுற்றிக்கொண்டு, தசைகளை நடுக்கி வெப்பமுண்டாக்கி அடைகாக்கும் இனம். இத்தனை நாட்களையும் கழித்துவிட்டால் ஒரு மாதத்தில் பாம்பைக் கையில் எடுக்கத் தோதான நாட்கள் சிலவே மிஞ்சும்.

அப்படி எடுக்க வேண்டிய நாளில் செய்முறை இது. முதலில் கூண்டைத் திறந்து சற்று நேரம் அப்படியே விட வேண்டும்; வெளிச்சமும் காற்றும் மாறியதைப் பாம்பு உணரட்டும். பிறகு நீண்ட கொக்கியின் முனையால் உடலின் நடுப்பகுதியை மெல்லத் தொட வேண்டும். தொட்டது சூடில்லாத பொருள் என்பதால் அது இரையில்லை என்று பாம்புக்குத் தெரிகிறது. தலையை மட்டும் சற்று அசைத்துவிட்டு மறுபடி ஓய்ந்தால் மேலே போகலாம். கழுத்தை மடித்தால் கூண்டை மூடிவிட வேண்டும். நல்ல கூண்டில் கிளைகளாக வைக்கப்பட்ட தண்டுகள் ஆணியடித்து இறுக்கப்படாமல், தாங்கிகளில் எடுத்துவைக்கும்படி இருக்கும். அந்தத் தண்டின் இரு முனைகளையும் பிடித்துப் பாம்போடு வெளியே எடுப்பதே சிறந்த வழி. பாம்புக்குத் தான் இடம்மாறியதே தெரியாது. அதன் கிளை அதனிடம் இருக்கிறது.

தண்டிலிருந்து கைக்கு வரவேண்டுமானால் இன்னும் பொறுமை வேண்டும். சுருள்களைப் பிரித்து இழுக்கத் தொடங்கினால் இறுக்கிக்கொள்ளும். மேலும் இழுத்தால் மேலும் இறுகும். முதுகெலும்பு காயப்படும். தலைப்பக்கம் கைபோவதை அது பருந்தின் நகமாகவே எடுத்துக்கொள்ளும். செய்ய வேண்டியது, வால்நுனியை விரலால் லேசாக வருடுவது. வால் மெல்லத் தளர்ந்து நகரும். உடல் முன்னோக்கி ஊரத் தொடங்கும். ஊர்ந்துவரும் பாதையில் கொக்கியையோ முன்கையையோ கிடைமட்டமாக இன்னொரு கிளையைப் போல வைத்தால் அது தானாகவே அதன்மேல் ஏறும். முன்னுடல் ஏறியதும் பின்னுடலுக்கு இன்னொரு கை தாங்கலாக வேண்டும். எடை தொங்கினால் பாம்பு பதறும். கை நிலையாக இருந்தால் மரத்தில் செய்வதுபோலவே மணிக்கட்டைச் சுற்றி வாலை இறுக்கிக்கொண்டு அங்கேயே அமர்ந்துவிடும். கை ஆடினால், அடுத்த கிளையைத் தேடி முகத்தை நோக்கி நீளும். பத்து நிமிடம் போதும். முகத்தருகே கொண்டுபோகக் கூடாது. திருப்பி வைக்கும்போதும் தண்டின்மேல் தானாக ஏறவிட வேண்டும்.

கையில் அமர்ந்திருக்கும் அந்தப் பாம்பு எதை உணர்கிறது என்பதே இங்கே யோசிக்க வேண்டிய விஷயம். தெம்பாகக் கையில் வைத்துப் படம் எடுத்துக்கொள்பவர் அது தன்னை நம்புகிறது என்பார். பாம்பின் அசைவின்மைக்குப் பல காரணங்கள் இருக்கலாம். பகல் ஓய்வு ஒன்று. பிடிமானம் கிடைத்த நிம்மதி ஒன்று. அஞ்சி உறைந்துபோவதும் ஒன்று. உடல்நலக்கேடும் ஒன்று. 2014இல் மலைப்பாம்புகளில் நிடோவைரஸ் என்ற நுரையீரல் நோய்க்கிருமி அறியப்பட்டது. 2017இல் சூரிச் ஆய்வாளர்கள் பச்சை மரமலைப்பாம்புகளில் அது உண்டாக்கும் நிமோனியாவை விவரித்தார்கள். வாயில் சளி கட்டி, மூச்சுவிடத் திணறி, தலையை உயர்த்தி வாயைத் திறந்து வைத்திருக்கும் பாம்பைக் கோபத்தில் இருப்பதாக எண்ணி ஒதுங்குபவரும் உண்டு. சோர்ந்து துவண்டு கையில் கிடப்பதைச் சாது என்று மெச்சுபவரும் உண்டு. நாய்க்குரிய பாசம், பூனைக்குரிய அணுக்கம் போன்றவற்றைப் பாம்பிடம் தேடும் கண்ணுக்கு நோயும் சாந்தமும் ஒன்றாகத்தான் தெரியும். பழகிய பாம்பு என்பதன் உச்சபட்சப் பொருள், அந்தக் கையை அது ஆபத்தாகக் கணக்கிடவில்லை என்பதே. அது சிறிய விஷயமல்ல. ஆனால் அதற்கு மேல் ஒன்றுமில்லை.

கடி வாங்கியவர் செய்யக்கூடாதது கையை வெடுக்கென்று இழுப்பது. உள்நோக்கி வளைந்த பற்கள் தோலைக் கிழிக்கும். பாம்பின் பல் ஒடியும், தாடை காயப்படும். நஞ்சு கிடையாது என்பதால் அவசரப்பட ஒன்றுமில்லை. அசையாமல் இருந்தால் பெரும்பாலும் தானாக விடும். விடாவிட்டால் குளிர்ந்த குழாய்நீரில் தலையைக் காட்டினால் விட்டுவிடும். காயத்தைச் சோப்பும் நீரும் கொண்டு நன்றாகக் கழுவி, ஒடிந்த பல்துண்டு உள்ளே இருக்கிறதா என்று பார்த்து, டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகியிருந்தால் போட்டுக்கொள்ள வேண்டும். கடியைவிடப் பரவலான அபாயம் சால்மொனெல்லா. நலமாக இருக்கும் ஊர்வனவும் அந்தக் கிருமியைக் குடலில் சுமக்கும். பாம்பையோ கூண்டையோ தொட்ட பிறகு கை கழுவாமல் எதையும் தொடக் கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீட்டில் ஊர்வன வளர்ப்பதையே மருத்துவர்கள் வேண்டாம் என்கிறார்கள்.

குணத்தின் இன்னொரு பாதி கூண்டில் இருக்கிறது. வளர்ந்த பாம்புக்கு நீளம், அகலம், உயரம் மூன்றும் அறுபது சென்டிமீட்டருக்குக் குறையாத கூண்டு வேண்டும். உடலின் பருமனுக்கு ஏறக்குறைய இணையான தண்டுகள், இரண்டு உயரங்களில், கிடைமட்டமாக. ஒரு முனையில் 29 முதல் 31 டிகிரி செல்சியஸ் வெப்பம், மறுமுனையில் 24 முதல் 26. பாம்பு தனக்கு வேண்டிய சூட்டைத் தானே தேடிப் போய் உட்கார முடிய வேண்டும். நாளுக்கு ஒருமுறை நீர் தெளித்தால் சுருள்களில் தேங்கும் துளிகளை அது குடிக்கும். பிறகு கூண்டு காய வேண்டும். எப்போதும் ஈரமாக இருந்தால் தோலும் நுரையீரலும் கெடும். மறைவுக்கு இலைகள் வேண்டும். நாற்புறமும் கண்ணாடி, நடுவில் ஒற்றைத் தண்டு, எதிரே ஆட்கள் நடமாடும் கூடம் என்று வைக்கப்பட்ட பாம்பு ஓயாமல் சீறுவதில் வியப்பில்லை. அதே பாம்பை இலைமறைவுள்ள கூண்டுக்கு, தலைமட்டத்துக்கு மேலே, ஆள் போகாத மூலைக்கு மாற்றினால் சில வாரங்களில் அமைதியடைவது வளர்ப்பவர்களிடையே பலரும் கண்டது. வளர்ந்ததற்குப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, தன் உடல் பருமனுள்ள ஓர் எலி போதும். எலியை உறைநிலையிலிருந்து எடுத்துச் சூடாக்கி, இருட்டிய பிறகு, நீண்ட இடுக்கியில் பிடித்துக் கொடுப்பார்கள். பகலில் கூண்டைத் திறந்தால் கொக்கி, இரவில் திறந்தால் இரை என்ற ஒழுங்கு தவறாமல் இருந்தால் பாம்பும் அந்த ஒழுங்கைக் கற்றுக்கொள்கிறது. அதிகம் ஊட்டினால் கொழுத்து, மலக்குடல் பிதுங்கி, ஆயுள் குறையும். சரியாகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழும்.

ஊர்க்கணக்கில் குணம் சொல்வதும் இந்த வட்டாரத்தில் வழக்கம். ஆருத் தீவுப் பாம்பு சாது, பியாக் தீவுப் பாம்பு முரடு என்பார்கள். பியாக் பாம்புகள் வடக்கு இனத்தைச் சேர்ந்தவை, ஆருப் பாம்புகள் தெற்கு இனம். ஆகவே பரம்பரை வேறுபாடு இருக்க இடமுண்டு. ஆனால் விலைப்பட்டியலில் எழுதப்படும் ஊர்ப்பெயர் அந்தப் பாம்பு பிடிபட்ட ஊரா, ஏற்றுமதியான துறைமுகமா என்பது பல சமயம் வாங்குபவருக்குத் தெரியாது. அதைவிடப் பெரிய வேறுபாடு, காட்டில் பிடிபட்டதா முட்டையிலிருந்து மனிதர் கையில் பிறந்ததா என்பது. பிடிபட்ட பாம்பு சாக்கிலும் பெட்டியிலும் வாரக்கணக்கில் அடைபட்டு, நீரிழந்து, குடற்புழுவோடும் உண்ணிகளோடும் வந்து சேர்கிறது. அதன் கடி அதன் சரித்திரம். அமெரிக்காவின் தேசிய விலங்குக் காட்சிசாலையில் ட்ரூப்பர் வால்ஷ் 1970களில் இந்த இனத்தைக் கூண்டில் பெருக்கும் முறையை எழுதிவைத்தார். 2000களில் கிரெக் மேக்ஸ்வெல் எழுதிய கையேடு அதை வீடுகளுக்குக் கொண்டுபோனது. கூண்டில் பிறந்து வளர்ந்த தலைமுறைகள் பெருகப் பெருக, பழைய கெட்ட பெயரும் குறைந்துகொண்டே வந்தது. குணம் மாறியது பாம்பினிடத்திலா, அதற்கு நேர்ந்தவற்றிலா என்று கேட்டால், இரண்டாவதுக்கே சான்று அதிகம்.

இங்கேதான் சந்தை குறுக்கிடுகிறது. ஆஸ்திரேலியா தன் நாட்டுப் பாம்புகளை வணிகத்துக்காக ஏற்றுமதி செய்ய விடுவதில்லை. எனவே உலகச் சந்தைக்குப் புதிதாக வருபவை இந்தோனேசியாவிலிருந்து, ‘பண்ணையில் பிறந்தவை’ என்ற சான்றிதழோடு வருகின்றன. ஆய்வாளர்கள் ஜெசிகா லயன்ஸும் டேனியல் நாட்டுஷும் 2009 முதல் 2011 வரை அந்நாட்டின் மலுக்கு, பாப்புவா பகுதிகளின் பாம்பு வணிகர்களிடம் நேரில் சென்று கணக்கெடுத்தார்கள். காட்டில் பிடிக்கப்பட்ட நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பச்சை மரமலைப்பாம்புகளை அவர்கள் பதிவு செய்தார்கள். பண்ணைப் பிறப்பு என்று ஏற்றுமதியாகும் இந்தப் பாம்புகளில் குறைந்தது 80 விழுக்காடு காட்டிலிருந்து பிடிபட்டவை என்பது அவர்களுடைய முடிவு. சில தீவுகளில் எண்ணிக்கை சரிந்திருப்பதையும் அவர்கள் கண்டார்கள். பிறப்புக்குச் சாட்சியாக முட்டையோட்டையே பண்ணைகள் பாதுகாத்துக் காட்ட வேண்டும் என்று எளிமையான யோசனையொன்றையும் முன்வைத்தார்கள். சாது என்று நம்பி வாங்கிவந்த பாம்பு கடிக்கும்போது, அதற்குப் பின்னால் இப்படியொரு பொய்ச் சான்றிதழ் இருக்கக்கூடும்.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. தென்கிழக்காசியாவிலிருந்து வரும் விமானங்களில் அயல்நாட்டு ஊர்வன கடத்திவரப்படுவதும் சென்னையிலும் திருச்சியிலும் சுங்கத்துறையினர் அவற்றைப் பிடிப்பதும் அடிக்கடி செய்தியாகின்றன. 2023 ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில், கோலாலம்பூரிலிருந்து வந்த பயணி ஒருவரின் பெட்டியில் பல இனங்களைச் சேர்ந்த 47 மலைப்பாம்புகள் உயிரோடு இருந்தன. நம் நாட்டு மலைப்பாம்பை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பச்சை மரமலைப்பாம்பு போன்ற அயல்நாட்டு இனங்கள், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. 2022இல் நிறைவேறிய சட்டத் திருத்தத்தின்படியும் 2024இல் வந்த விதிகளின்படியும் அவற்றை வைத்திருப்பவர் அரசின் பரிவேஷ் இணையத்தளத்தில் பதிவுசெய்தாக வேண்டும். பிறப்பு, இறப்பு, கைமாற்றம் எல்லாவற்றையும் தெரிவிக்க வேண்டும். பெட்டியில் துணிப்பையில் முடிந்து வரும் பாம்புக்கு இந்தத் தாள்கள் எதுவும் இருக்காது.

இந்த இனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். கையில் எடுத்து வைத்துக்கொள்ளப் பாம்பு வேண்டும் என்பவருக்குப் பச்சை மரமலைப்பாம்பு ஏற்றதல்ல. பார்த்துக்கொண்டிருப்பதே போதும் என்பவருக்கு மட்டுமே அது ஏற்றது. அவரும் பாம்பைக் கேட்பதற்கு முன்னால் அது பிறந்த இடத்தையும் அதன் தாய்தந்தையையும் அதன் தாள்களையும் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு விற்பவரிடம் பதில் இல்லையென்றால் வாங்காமல் திரும்பிவிட வேண்டும்.